ஷன்ட் வைத்த குழந்தைக்கு வாந்தி வந்தால்: எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் காத்திருக்கக் கூடாது

கேள்வி: எங்கள் மகனுக்கு மூன்று வயது. 31 வாரத்தில் குறைப்பிரசவமாகப் பிறந்தான். மூளைக்குள் ரத்தக்கசிவு ஏற்பட்டு, தலையில் நீர் கோர்த்ததால் நான்காவது மாதத்தில் வி.பி. ஷன்ட் (மூளையில் சேரும் நீரைத் தோலுக்கடியிலேயே வயிற்றுக்கு வடிக்கும் குழாய்) வைத்தார்கள். இதுவரை பிரச்சினை இல்லை. ஆனால் எப்போது வேண்டுமானாலும் அடைக்கலாம் என்கிறார்கள். எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது? ஏன் அடைக்கிறது? ஒவ்வொரு காய்ச்சலுக்கும் வாந்திக்கும் பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டுமா?

பதில்:

ஷன்ட் பழுதாவது அரிதான விபத்து இல்லை. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 344 குழந்தைகளுக்கு மூன்று வகை வால்வுகளை (ஷன்ட்டில் நீர் வடிவதைக் கட்டுப்படுத்தும் பகுதி) வைத்து ஒப்பிட்ட பெரிய ஆய்வின் முடிவு 1998-ல் வெளியானது. ஓராண்டு முடிவில் 61 சதவீதக் குழந்தைகளுக்குத்தான் முதலில் வைத்த ஷன்ட் சிக்கலின்றி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் ஆண்டு முடிவில் அது 47 சதவீதம். அதாவது இரண்டு ஆண்டுக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மறுபடி அறுவை சிகிச்சை தேவைப்பட்டிருக்கிறது. அதன்பின் வேகம் குறையும். உங்கள் மகன் அந்த மோசமான முதல் இரண்டு ஆண்டைத் தாண்டிவிட்டான், அதுவும் ஆறு மாதத்துக்குள் ஷன்ட் வைத்த குழந்தை. அந்த வயதில் வைத்தால் பழுதாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால் இது நல்ல செய்திதான். ஆனாலும் ஆபத்து பூஜ்யமாகிவிடாது. பத்துப் பதினைந்து ஆண்டு ஒழுங்காக ஓடிய குழாய் ஒருநாள் கழுத்தில் முறிவதுண்டு.

அந்த ஆய்வில் மூன்று வால்வுகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நம் ஊரில் பல பெற்றோர் "பணம் இருந்திருந்தால் விலை உயர்ந்த வால்வு வைத்திருப்போமே" என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள். உத்தரப்பிரதேசத்தின் ஷாஜகான்பூரில் தயாராகும் விலை குறைந்த சாப்ரா ஷன்ட்டையும், அதைவிடப் பல மடங்கு விலையுள்ள வெளிநாட்டு ஷன்ட்டையும் உகாண்டாவில் நியூரோ சர்ஜன் பெஞ்சமின் வார்ஃப் 195 குழந்தைகளிடம் ஒப்பிட்டு 2005-ல் முடிவை வெளியிட்டார். ஓராண்டு முடிவில் பலனில் வேறுபாடு இல்லை. எனவே அந்தக் குற்ற உணர்வை இறக்கி வையுங்கள்.

எங்கே அடைக்கிறது என்று தெரிந்தால் அறிகுறிகள் தாமாகவே புரியும். மூளைக்குள் இருக்கும் அறைகளில் நீர் ஓயாமல் சுரக்கிறது. வளர்ந்தவருக்கு மணிக்குச் சுமார் 20 மில்லி, நாளுக்குச் சுமார் அரை லிட்டர். குழந்தைக்கு அளவு குறைவு, ஆனால் நிற்காது. அது வடியும் இயற்கை வழி கெட்டுப்போனதால்தான் செயற்கைக் குழாய். மூளை அறைக்குள் ஒரு சிறு குழாய், காதுக்குப் பின்னாலோ உச்சந்தலையிலோ தோலுக்கடியில் ஒரு வால்வு, அங்கிருந்து கழுத்து, மார்பு வழியாக வயிற்றுக் குழிக்குள் இறங்கும் நீளக் குழாய். வயிற்றுக்குள் விழும் நீரை உடல் உறிஞ்சிக்கொள்ளும்.

அதிகம் அடைபடுவது மேல் முனை. மூளை அறைக்குள் இருக்கும் குழாயின் நுனியைச் சுற்றிக் கடுகளவுகூட இல்லாத துளைகள் இருக்கும். நீரைச் சுரக்கும் கோராய்டு பிளெக்சஸ் என்ற திசு மெல்ல அந்தத் துளைகளுக்குள் வளர்ந்து புகுந்துவிடும். ரத்தக்கசிவு நடந்த குழந்தைக்குப் பழைய ரத்தத் துணுக்குகளும், காசநோய் மூளைக்காய்ச்சல் வந்த குழந்தைக்கு நீரில் அதிகரித்த புரதமும் இதே வேலையைச் செய்யும். நம் நாட்டில் தலையில் நீர் கோர்ப்பதற்குக் காசநோய் முக்கியக் காரணம். அத்தகைய நோயாளிகளுக்கு ஷன்ட் எவ்வளவு பலன் தரும் என்று கணிக்க உலகம் முழுவதும் பயன்படுத்தும் தர வரிசைக்கு வேலூர் கிரேடிங் என்றே பெயர். 1991-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் வகுத்தது.

அடுத்து கழுத்துப் பகுதி. கழுத்து நாள் முழுக்க அசையும் இடம். ஆண்டுகள் போகப்போகக் குழாயின் மேல் சுண்ணாம்பு படிந்து அது விறைத்துவிடும், சுற்றியிருக்கும் திசு அதைப் பிடித்துக்கொள்ளும். பிள்ளை வளரும்போது இழுபட்டு, விறைத்த இடத்தில் முறியும் அல்லது வால்வோடு சேரும் இணைப்பில் கழன்றுவிடும். பிள்ளை உயரமாகும் என்பதற்காகவே வயிற்றுக்குள் கூடுதல் நீளம் சுருட்டி வைக்கப்படுகிறது. ஆனாலும் நல்ல வளர்த்தி வரும் பருவத்தில், பத்திலிருந்து பதினாறு வயதுக்குள், குழாய் முனை வயிற்றுக் குழியைவிட்டு மேலே ஏறிவிடலாம். இது எக்ஸ்ரேயில் தெரியும்.

வயிற்றில் நடப்பவை பல விதம். குழாய் முனையைச் சுற்றி நீர் ஒரு பையாகத் தேங்கி, வயிறு உப்பி வலிக்கும். பெரும்பாலும் இதற்குப் பின்னால் மெல்லிய கிருமித்தொற்று ஒளிந்திருக்கும். ஆண் குழந்தைகளுக்கு வயிற்றிலிருந்து நீர் கீழிறங்கி விரை வீங்கலாம், குடலிறக்கமும் வரலாம். அரிதாகக் குழாய் குடலைத் துளைத்து ஆசனவாய் வழியாக வெளியே தெரியும். பார்த்ததும் பதற்றத்தில் இழுத்துவிடாதீர்கள், வெட்டவும் வேண்டாம். குடலின் கிருமி தொட்ட குழாய் அது, இழுத்தால் அந்தக் கிருமியும் மேலே போகும். சுத்தமான துணியால் மூடி உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். மலச்சிக்கலையும் லேசாக நினைக்காதீர்கள். நீர் வடிவதே தலைக்கும் வயிற்றுக்கும் உள்ள அழுத்த வித்தியாசத்தால்தான். வயிறு இறுகினால் வடிதல் குறையும். மலம் தினமும் இளகிப் போகும்படி உணவிலும் தண்ணீரிலும் கவனமாக இருப்பது ஷன்ட் பராமரிப்பின் ஒரு பகுதி.

இனி கிருமித்தொற்று. பெரும்பாலும் அறுவை சிகிச்சை முடிந்த முதல் ஆறு மாதத்துக்குள்ளேயே வரும், ஏனென்றால் கிருமி அறுவையின்போது தோலிலிருந்து உள்ளே போயிருக்கும். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 1,605 பேரிடம் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், ஆன்டிபயாட்டிக் ஊட்டிய குழாய் வைத்தவர்களுக்கு 2 சதவீதமும், சாதாரணக் குழாய் வைத்தவர்களுக்கும் வெள்ளி ஊட்டிய குழாய் வைத்தவர்களுக்கும் 6 சதவீதமும் தொற்று வந்தது. என்றாவது குழாய் மாற்ற வேண்டி வந்தால், ஆன்டிபயாட்டிக் ஊட்டிய குழாய் அந்த மருத்துவமனையில் கிடைக்குமா என்று கேட்பது நியாயமான கேள்வி. அறுவை அரங்கில் ஒரே வரிசைப்படி எல்லோரும் செய்யும் ஒழுங்குமுறையும் தொற்றைக் குறைக்கிறது: வட அமெரிக்காவில் சில குழந்தை மருத்துவமனைகள் சேர்ந்து அப்படி ஓர் ஒழுங்கைக் கடைப்பிடித்தபோது தொற்று 8.8-லிருந்து 5.7 சதவீதமாக இறங்கியது, 2011-ல் வெளியிட்டார்கள். அப்போது வந்த மாற்றம் வால்வில் இல்லை, கை கழுவுவது, தோலைச் சுத்தம் செய்வது போன்ற ஒழுங்குகளில்தான்.

அப்படியானால் காய்ச்சல்? உங்கள் மகனுக்கு அறுவை முடிந்து இரண்டரை ஆண்டுக்கு மேலாகிவிட்டது. சளி, இருமல், வீட்டில் வேறு யாருக்கோ காய்ச்சல், பிள்ளை பாராசிட்டமால் கொடுத்ததும் எழுந்து விளையாடுகிறான் என்றால், வழக்கமான குழந்தை மருத்துவரிடம் காட்டினால் போதும். ஆனால் அண்மையில் ஷன்ட்டில் அறுவை செய்திருந்தால், அடுத்த ஆறு மாதம் காரணம் தெரியாத எந்தக் காய்ச்சலும் ஷன்ட் தொற்று என்றே சந்தேகிக்கப்பட வேண்டும். குழாய் போகும் தடத்தில் சிவப்பு, வீக்கம், நீர்க்கசிவு, தொட்டால் வலி, தோல் மெலிந்து குழாய் தெரிவது ஆகிய எதுவானாலும் காய்ச்சல் இல்லாவிட்டாலும் அன்றே காட்டுங்கள்.

இப்போது நீங்கள் அதிகம் பயப்படும் வாந்தி. மூன்று வயதில் உச்சிக்குழி மூடிவிட்டது. ஐந்து மாதக் குழந்தைக்கு அடைத்தால் மண்டை விரிந்துகொடுக்கும், உச்சிக்குழி புடைக்கும், கண் கீழ்நோக்கிச் சொருகும், தலைச்சுற்றளவு அளவுக்கு மீறி ஏறும். (முதல் மூன்று மாதத்தில் மாதத்துக்குச் சுமார் 2 சென்டிமீட்டர், அடுத்த மூன்று மாதத்தில் சுமார் 1 சென்டிமீட்டர் என்பது இயல்பான வளர்ச்சி.) மூடிய மண்டைக்குள் அந்த இடவசதி இல்லை. அதனால் பெரிய பிள்ளைகளுக்கு நிலைமை சில மணி நேரத்திலேயே மோசமாகலாம்.

வாந்தி மட்டும் எதையும் தீர்மானிக்காது. வயிற்றுப்போக்கு உள்ள வாந்தி பெரும்பாலும் வயிற்றுத் தொற்று. பேதியே இல்லாமல் இரண்டு மூன்று முறைக்கு மேல் வாந்தி, அதிலும் காலையில் எழுந்தவுடன், கூடவே தலையைப் பிடித்துக்கொள்வது, வெளிச்சத்தைப் பார்க்க மறுப்பது, எரிச்சல் என்றால் ஷன்ட்டைச் சந்தேகியுங்கள். எல்லாவற்றையும்விடக் கனமான அறிகுறி மந்தம். தலைவலி, வாந்தி ஆகியவற்றைவிட அசாதாரணத் தூக்கம் ஷன்ட் அடைப்பை மிக உறுதியாகக் காட்டுகிறது. பகலில் தூங்காதவன் சாய்ந்துகொள்கிறான், எழுப்பினால் விழித்து மறுபடி கண் சொக்குகிறான், பிடித்த பொம்மையைக் காட்டினாலும் திரும்பவில்லை என்றால் நேரம் பார்க்காமல் கிளம்புங்கள். இரவு இரண்டு மணி என்றாலும் கிளம்புங்கள்.

மெதுவாக வரும் அடைப்பும் உண்டு. நடை தடுமாறுவது, பேச்சு பின்வாங்குவது, ஒரு கண் உள்ளே திரும்புவது, பள்ளியில் திடீர் மந்தம், நிறுத்திவைத்திருந்த வலிப்பு மீண்டும் வருவது. முதுகில் தண்டுவடக் குறையோடு பிறந்த பிள்ளைகளுக்கு விழுங்குவதில் சிரமம், மூச்சில் கரகர ஓசை, கையில் வலுவிழப்பு, சிறுநீர் கட்டுப்பாட்டில் மாற்றம் எதுவானாலும் முதலில் ஷன்ட் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும், பிறகுதான் மற்றவை.

நம் வீடுகளில் இந்த நேரத்தில் நடக்கும் ஒன்றைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பிள்ளை விடாமல் அழுதால் உரம் விழுந்திருக்கிறது என்று புடவையில் போட்டு உருட்டுவதும், வாந்தி எடுத்தால் குடல் தட்டவோ தொக்கம் எடுக்கவோ கூட்டிப் போவதும் பெரியவர்களின் அக்கறையிலிருந்து வருவது. ஆனால் ஷன்ட் வைத்த பிள்ளைக்கு அழுகையும் வாந்தியும்தான் முதல் மணி அடிப்பு. அங்கே போய்த் திரும்பும் அரை நாள் பார்வையைப் பறித்துவிடலாம், உயிரையே பறித்துவிடலாம். பாட்டியிடம் இதை இன்றே, எல்லோரும் நிதானமாக இருக்கும்போதே சொல்லி வையுங்கள். அதேபோல, தூக்கம் வரவைக்கும் சளி மருந்தை இந்தப் பிள்ளைக்கு நீங்களாகக் கொடுக்காதீர்கள். மருந்தின் தூக்கமா, அடைப்பின் தூக்கமா என்று மருத்துவராலும் பிரிக்க முடியாமல் போகும். வாந்தி நிறுத்தும் மருந்தை மட்டும் கொடுத்து இரண்டு நாள் பார்க்கலாம் என்பதும் இதே ஆபத்து. மொட்டை அடிக்கும்போது வால்வுக்கு மேலுள்ள தோலில் பிளேடு பட்டுவிடக் கூடாது, மெஷின் வைத்து வெட்டச் சொல்லுங்கள்.

வலிப்பு, எழுப்ப முடியாத மயக்கம், ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது, மூச்சு சீரில்லாமல் இழுப்பது, நாடி மெதுவாவது: இவற்றில் ஒன்று வந்தாலும் 108. வண்டி வரும்வரை தலையையும் தோளையும் சேர்த்துச் சுமார் 30 டிகிரி உயர்த்திப் படுக்க வையுங்கள். வாந்தி வந்தால் பக்கவாட்டில் திருப்புங்கள். வாயில் எதுவும் ஊட்டாதீர்கள், அறுவைக்கு மயக்க மருந்து கொடுக்க நேரிடும். வால்வை அழுத்திப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று முடிவுக்கு வராதீர்கள். அழுத்தினால் அமுங்கி எழுவது எதையும் உறுதிப்படுத்தாது, ஓயாமல் அழுத்துவது கெடுதலும்கூட.

மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். ஒரு பெரும் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ஷன்ட் நன்றாக ஓடும்போது சில பிள்ளைகளின் மூளை அறைகள் கீற்றுப் போலச் சுருங்கியிருக்கும், சிலருக்கு எப்போதுமே பெரிதாக இருக்கும். அடைத்த பிறகும் சிலருக்கு அறைகள் விரியாமல் அழுத்தம் மட்டும் ஏறும். ஆகவே "ஸ்கேன் நார்மல்" என்ற சொல்லுக்கு, அதே பிள்ளை நலமாக இருந்தபோது எடுத்த ஸ்கேனோடு ஒப்பிட்டால்தான் பொருள். ஒப்பிட எதுவும் இல்லையென்றால், வாந்தியும் மந்தமும் தொடரும் பிள்ளையை ஸ்கேனை மட்டும் பார்த்து வீட்டுக்கு அனுப்பச் சம்மதிக்காதீர்கள். "ஒரு நாள் வைத்துப் பாருங்கள்" என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. "இவன் இப்படி இருக்க மாட்டான்" என்று ஒரு தாய் சொல்வதை நல்ல நியூரோ சர்ஜன் சோதனை முடிவுக்கு இணையாக எடுத்துக்கொள்வார்.

தலை, கழுத்து, மார்பு, வயிறு எக்ஸ்ரே எடுத்தால் முறிவும் கழன்ற இணைப்பும் தெரியும். தேவைப்பட்டால் நியூரோ சர்ஜன் மெல்லிய ஊசியால் வால்வின் அறையில் குத்தி அழுத்தம் பார்ப்பார், நீரைப் பரிசோதனைக்கு அனுப்புவார். நீரே வரவில்லை என்றால் பெரும்பாலும் மேல் முனை அடைப்பு. முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், ஷன்ட் இருக்கிறது என்று சொல்லி, நியூரோ சர்ஜனைக் கேட்ட பிறகு செய்யச் சொல்லுங்கள். வழி அடைபட்ட பிள்ளைக்கு அது மூளையைக் கீழே இறக்கிவிடலாம். ஸ்கேனுக்கு அசையாமலிருக்க மயக்க மருந்து என்றாலும் இதே எச்சரிக்கை: அழுத்தம் ஏறிய பிள்ளைக்கு மூச்சு மட்டுப்படுவது ஆபத்து. சில நிமிடங்களில் முடியும் விரைவு எம்.ஆர்.ஐ. இருக்கும் இடத்தில் மயக்க மருந்தும் தேவையில்லை, கதிர்வீச்சும் இல்லை.

அடைப்பு உறுதியானால், பெரும்பாலும் அடைத்த பகுதியை மட்டும் மாற்றுவார்கள். தொற்று என்றால் கதை நீளும்: முழு ஷன்ட்டையும் எடுத்து, நீரை வெளியே ஒரு பையில் வடித்துக்கொண்டு, நரம்பு வழி ஆன்டிபயாட்டிக் கொடுத்து, கிருமி இல்லை என்று பரிசோதனை சொன்ன பிறகே புது ஷன்ட். இரண்டு வாரமோ அதற்கு மேலோ படுக்கை என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

அப்போது இன்னொன்றும் கேளுங்கள். ஷன்ட்டே இல்லாமல், எண்டோஸ்கோப்பால் மூளையின் மூன்றாம் அறையின் தரையில் ஒரு துளை இட்டு நீருக்கு வேறு வழி திறக்க முடியுமா என்று. அது பலிக்கும் வாய்ப்பைக் கணிக்க ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது: வயது, காரணம், முன்பு ஷன்ட் உண்டா. உங்கள் மகன் நான்கு மாதத்தில் இருந்தபோது வயதுக்கு 10, ரத்தக்கசிவுக்கு 20, ஷன்ட் இல்லாததற்கு 10, மொத்தம் 40. இன்று வயதுக்கு 40, ரத்தக்கசிவுக்கு 20, ஷன்ட் இருப்பதால் 0, மொத்தம் 60. ஆறு மாதம் பலன் நீடிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய அந்த எண்ணின் சதவீதம். அன்று அவனுக்கு ஷன்ட் வைத்தது சரியான முடிவுதான், இன்று கேள்வி வேறு. அவனுடைய எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்துத்தான் சர்ஜன் பதில் சொல்ல முடியும்.

நீர் வடியும் அளவை வெளியிலிருந்து காந்தத்தால் மாற்றக்கூடிய வால்வு என்றால், காந்தம் உள்ள பொம்மை, ஹெட்போன், டேப்லெட்டின் காந்த உறை ஆகியவற்றைத் தலையருகே வைக்க வேண்டாம். எம்.ஆர்.ஐ. எடுத்தபின் வால்வின் அளவு மாறவில்லை என்று சரிபார்க்கச் சொல்லுங்கள். நிமிர்ந்திருக்கும்போது தலைவலித்து, படுத்தால் குறைகிறது என்றால் நீர் அதிகமாக வடிந்துகொண்டிருக்கலாம், அதையும் அடுத்த சந்திப்பில் சொல்லுங்கள்.

இன்றே ஒரு கோப்பு தயார் செய்யுங்கள். பிள்ளை நலமாக இருக்கும்போது எடுத்த ஸ்கேனின் ஃபிலிமும் சி.டி. தட்டும், டிஸ்சார்ஜ் சம்மரி, வால்வின் பெயர், அழுத்த வகை, அறுவை நடந்த தேதி, காப்பீட்டு அட்டையின் நகல். எல்லாவற்றையும் படம் எடுத்து இருவர் கைபேசியிலும் வையுங்கள். தாலுகா மருத்துவமனையில் நியூரோ சர்ஜன் இருக்க மாட்டார். உங்களுக்கு அருகில் இரவிலும் ஞாயிறிலும் நியூரோ சர்ஜன் இருக்கும் மருத்துவமனை எது என்று இப்போதே விசாரித்து, அந்த எண்ணைக் கோப்பின் மேலேயே எழுதுங்கள். அங்கன்வாடியிலோ பள்ளியிலோ ஒரு நகல் இருக்கட்டும்.

அவசர சிகிச்சைப் பிரிவில் முதல் வாக்கியமாக "காய்ச்சல், வாந்தி" என்று தொடங்கினால் வரிசையில் உட்கார வைப்பார்கள். இப்படிச் சொல்லுங்கள்: "பையனுக்குத் தலையில் வி.பி. ஷன்ட் இருக்கு. நேற்று சாயங்காலத்திலிருந்து நாலு தடவை வாந்தி, பேதி இல்லை. வழக்கத்தைவிட ரொம்பத் தூங்குறான். ஷன்ட் அடைச்சிருக்குமோன்னு பயமா இருக்கு, நியூரோ சர்ஜனைக் கூப்பிடுங்க. நல்லா இருந்தப்ப எடுத்த ஸ்கேன் இதோ."